வட்டக்களரி ஓர் ஊரை எப்படிக் கூட்டியது? மூதூருக்கான சிறிய அரங்கு பற்றிச் சில குறிப்புகள்

மூதூரில் இன்று 'கலை நிகழ்ச்சி' என்று ஓர் அழைப்பிதழ் வந்தால் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பாடசாலைப் பரிசளிப்பு விழா, பிரதேச செயலகம் நடத்தும் கலாசார விழா, அல்லது கோயில் திருவிழாவின் கடைசி நாட்களில் வெளியூரிலிருந்து வரும் இசைக்குழு. மூன்றிலும் முன்வரிசைக் கதிரைகள் விருந்தினருக்கு. வரவேற்புரையும் பொன்னாடையும் முடிந்த பிறகே ஆட்டமும் பாட்டும். மறுநாள் காலையில் மேடை கழற்றி ஏற்றப்பட்டுவிடும். அடுத்த நிகழ்ச்சி வரை அந்த இடத்தில் எதுவும் நடப்பதில்லை.

ஊரவர்களே சேர்ந்து, மாதக்கணக்கில் பழகி, தங்களுக்காகத் தாங்களே ஆடிப் பாடும் ஒரு சிறிய அரங்கு மூதூர்ப் பக்கத்தில் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால், 'கட்டடம் இல்லை, காசு இல்லை' என்ற பதில்தான் உடனே வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. போருக்குப் பிறகு கிழக்கில் பல்நோக்கு மண்டபங்கள் பல கட்டப்பட்டன. அவற்றில் பல திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. கட்டடம் வந்தும் அரங்கு வரவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது.

நான் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் அரங்கு எங்களுக்கு ஒரு 'தொடர்பாடல் ஊடகமாக' மட்டுமே கற்பிக்கப்பட்டது. செய்தி ஒன்று இருக்கும், அதை மக்களிடம் கொண்டுபோக நாடகம் ஒரு வழி. கிழக்கின் கூத்து மரபைப் பற்றிப் பின்னர் வாசித்தும் பார்த்தும் கேட்டும் வந்தபோது அது போதாது என்று விளங்கியது. கூத்தில் ஆற்றுகை ஓர் இரவு. அதற்கு முன்னால் இருக்கும் பல மாதங்களில்தான் ஊர் கூடியது. அந்த ஒழுங்கு எப்படி இயங்கியது, போர் அதில் எதை முறித்தது, மூதூர் போன்ற ஓரிடத்தில் மீண்டும் தொடங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

களரி என்பது என்ன?

கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் கூத்து ஆடப்படும் இடம் களரி. மண்ணைக் குவித்துச் சற்றே உயர்த்தி வட்டமாக அமைப்பார்கள். சுற்றிலும் கம்பங்கள் நட்டு, மேலே வெள்ளை கட்டி, தோரணம் தொங்கவிடுவார்கள். முன்பு தீப்பந்தம், பிறகு பெற்றோல்மக்ஸ், அதன் பிறகு மின்விளக்கு. அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்பார். சல்லரி போடுபவரும், பிற்பாட்டுக்காரர்களும், கொப்பி பார்ப்பவரும் அவரோடு நிற்பார்கள். ஆடுபவர்கள் அவர்களைச் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். பார்ப்பவர்கள் நாலாபக்கமும் பாய் விரித்து இருப்பார்கள்.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டு. முதலாவது, முன்பக்கம் என்று ஒன்று இல்லாதபடியால் முன்வரிசை என்றும் ஒன்று இல்லை. எங்கே இருந்தாலும் ஆடுபவர் ஒரு தடவை உங்கள் முன்னால் வந்தே தீருவார். இரண்டாவது, எதிரே இருப்பவர்களின் முகமும் ஆட்டத்தோடு சேர்த்து உங்களுக்குத் தெரியும். அபிமன்யு சாகும்போது யார் அழுகிறார்கள் என்பதை ஊர் முழுக்கப் பார்க்கும்.

கிழக்கில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு மோடிகள் உண்டு. பாரத, இராமாயணப் போர்க் கதைகள் பெரும்பாலும் வடமோடியில் ஆடப்படும். தென்மோடியில் இசையும் இழுவையும் கூட. உடுப்பு, ஆட்ட முறை, வரவுப் பாட்டு எல்லாவற்றிலும் வேறுபாடு உண்டு. இதை விரிவாக ஆராய்ந்தவர் பேராசிரியர் சி. மௌனகுரு. அவருடைய 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற ஆய்வு இந்தத் துறைக்குள் வருபவர்களுக்கு நல்ல வாசல். மட்டக்களப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது என்றாலும், வெருகலைத் தாண்டி வடக்கே வந்தால் கொட்டியாரப் பற்றின் பழைய தமிழ்க் கிராமங்களும் அதே கலைப் பரப்பைச் சேர்ந்தவைதான்.

ஒரு கூத்து அரங்கேறும் வழி

கூத்து, பெரும்போக அறுவடை முடிந்து கையில் நெல்லும் மனதில் ஓய்வும் இருக்கும் காலத்துக்குரியது. ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கதை என்று தீர்மானிப்பார்கள். அண்ணாவியாருக்கு வெற்றிலை வைத்து அழைப்பார்கள். அதன் பிறகு படிப்படியாக வேலை நடக்கும்.

முதலில் சட்டம் கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் குரலையும் உடலையும் பார்த்துத் தீர்மானித்து, அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார். பிறகு இரவிரவாகப் பழக்கம். பகலில் வயலுக்கும் கடலுக்கும் போனவர்கள் இரவில் களரிக்கு வருவார்கள். தாளக்கட்டு வாயில் ஏற வேண்டும், பிறகு காலில் இறங்க வேண்டும். இதற்கே வாரங்கள் போகும்.

ஆட்டம் ஓரளவு கைவந்ததும் சதங்கை அணியும் நாள் வரும். அன்றைக்கு ஊர் கூடும். முதன்முறையாகக் காலில் சதங்கை கட்டி ஆடுபவரைப் பார்க்க அவருடைய வீட்டார் எல்லோரும் வந்திருப்பார்கள். அதற்குப் பிறகு முழுக் கூத்தையும் தொடர்ந்து ஆடிப் பார்ப்பார்கள். கடைசியில் அரங்கேற்றம். இரவு தொடங்கி விடியும்வரை ஆட்டம். அத்துடன் முடிவதில்லை. வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் உண்டு. வீட்டுக்காரர் கொடுக்கும் நெல்லும் பணமும் அண்ணாவியாரின் மதிப்பூதியத்துக்கும் செலவுக்கும் போகும்.

இதைத் திரும்பப் பார்த்தால் ஒரு முழுமையான அரங்க நிர்வாகம் இதற்குள் இருக்கிறது. ஆசிரியர் இருக்கிறார், பயிற்சி இருக்கிறது, இடைக்காலப் பரீட்சை இருக்கிறது, நிதி சேர்க்கும் வழி இருக்கிறது. பார்வையாளர் கடைசி நாளில் திடீரென்று வருபவர் அல்லர். பழக்கத்தை வேலிக்கு மேலால் பார்த்துப் பார்த்து, யார் எங்கே பிழைவிடுவார் என்பதை முன்கூட்டியே அறிந்தவர். சிறுவர்கள் அண்ணாவியாருக்குப் பின்னால் நின்று தாளக்கட்டைப் பாடமாக்கிக் கொள்வார்கள். அடுத்த தலைமுறைக்கான பயிற்சி தனியாக ஒரு 'பயிலரங்கு' இல்லாமலே நடந்து முடிந்துவிடும்.

பழைய களரியின் குறைகள்

இந்த மரபை அழகாக மட்டும் பேசுவது நியாயமாகாது. களரிக்கு வெள்ளை கட்டுவது ஒரு சாதியின் கடமை, பறை அடிப்பது இன்னொரு சாதியின் கடமை என்றிருந்தது. யார் அரசன் வேடம் போடலாம் என்பதிலும் ஊர் அதிகாரம் இருந்தது. பெண்கள் ஆடவில்லை. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள். கதைகளிலும் பெண்ணைப் பற்றியும் தாழ்த்தப்பட்டவர்களைப் பற்றியும் இன்று வாய்விட்டுப் பாட முடியாத வரிகள் உண்டு.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிழக்கிலும் பேராதனையிலும் உருவாகின. 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் ஏற்படுத்திய அலைக்குப் பிறகு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்பவை அப்படி வந்தவை. விடியும்வரை ஆடிய கூத்து மேடை நேரத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரி ஒருபக்க மேடையாக மாறியது. நகரத்தவர்களும் படித்தவர்களும் கூத்தைக் கலையாக மதிக்கத் தொடங்கியதில் இந்தப் பணிக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் கூத்து ஊரை விட்டு மேடைக்குப் போனபோது பழக்கமும் ஊர்க் கூட்டமும் கூடவே போகவில்லை.

இரண்டாவது பதில் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு மட்டக்களப்பில் வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' உள்ளூர் அறிவுத் திறன் செயற்பாட்டுக் குழுவினரும் சீலாமுனைக் கிராமத்தில் ஊரவர்களோடும் அண்ணாவிமார்களோடும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டார்கள். கூத்தை ஊரை விட்டு எடுக்காமல், களரியிலேயே வைத்து, பெண் பற்றியும் சாதி பற்றியும் உள்ள பகுதிகளை ஊரவர்களோடு இருந்து விவாதித்து மாற்றினார்கள். எந்த வரியை மாற்றுவது, ஏன் மாற்றுவது என்ற பேச்சே அதன் முக்கியமான விளைவு. ஒரு பாட்டு வரியைப் பற்றிப் பேசத் தொடங்கி ஊரின் வழக்கத்தைப் பற்றிப் பேசும் இடத்துக்கு வந்துவிடலாம் என்பதை அது காட்டியது.

போர் எதை முறித்தது?

மேலே சொன்ன ஒழுங்குக்கு ஐந்து விடயங்கள் வேண்டும்: பயமில்லாத இரவு, ஓரிடத்தில் தொடர்ந்து வாழும் சனம், பொதுவான நிலம், அறுவடை, அண்ணாவியார். கொட்டியாரப் பற்றில் இந்த ஐந்தையும் போர் தொட்டது.

இரவு முதலில் போனது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் இருந்த காலத்தில் விடியும்வரை மத்தளம் அடிப்பதை யாரும் நினைத்துப் பார்க்க முடியாது. 1996 பெப்ரவரி 11 அன்று கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் பெண்களும் சிறுவர்களுமாகப் பொதுமக்கள் கொல்லப்பட்டது மாலை நேரத்தில். இருபது வருடங்களுக்குப் பிறகு 2016 ஜூலையில் அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் விடுவிக்கப்பட்டார்கள்.

பிறகு சனம் போனது. 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006 ஜூலையில் மாவிலாறு, ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர். நகரத்து முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை, இளக்கந்தை மக்கள் வெருகலைத் தாண்டி வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போனார்கள். ஓகஸ்ட் 4 அன்று 'அக்சன் பாம்' என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். எவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை.

பிறகு நிலம். 2007இல் சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் பல வருடங்கள் காத்திருந்த குடும்பங்களுக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் விடப்பட்டன. திரும்பிப் போனவர்கள் வீட்டையும் கிணற்றையும் எல்லைக்கல்லையும் தேட வேண்டியிருந்தது. அப்படி ஓர் ஊரில் களரி போடும் பொது முற்றம் எங்கே என்று யார் கேட்பது?

பத்து வருட முகாம் வாழ்க்கை கலைக்கு என்ன செய்யும் என்பதைக் கணக்கில் பாருங்கள். 2006இல் எட்டு வயதாக இருந்த பிள்ளை ஊர் திரும்பும்போது பதினெட்டு வயது. அண்ணாவியாருக்குப் பின்னால் நின்று தாளக்கட்டுக் கேட்க வேண்டிய அந்தப் பத்து வருடமும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அண்ணாவியாருக்கும் பத்து வயது கூடிவிட்டது. ஏட்டுப் பிரதிகளும் கொப்பிகளும் வீட்டோடு போயின. கட்டடம் கட்டி ஈடுசெய்ய முடியாத இழப்பு இது.

போருக்குள்ளும் அரங்கு நின்றுவிடவில்லை

ஆனாலும் போர்க்காலம் முழுவதும் தமிழ் அரங்கு ஓய்ந்திருந்தது என்று சொல்ல முடியாது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணத்தில் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறி, ஊர் ஊராகச் சென்றது. 1991இல் வந்த அவருடைய 'அன்னை இட்ட தீ' போர் மனதில் விட்டுச் செல்லும் காயத்தைப் பேசியது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் அதே காலத்தில் அதே காயத்தை மருத்துவ மொழியில் எழுதிக் கொண்டிருந்தார்கள். சிதம்பரநாதன் பிறகு அரங்கச் செயற்பாட்டுக் குழுவின் மூலம், பார்ப்பவர்களும் பங்குகொள்ளும் அரங்குக்குப் போனார்.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இன்னொரு வழி. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் தொடங்கிய அந்தத் தோட்டத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக அழைத்து வரப்பட்டார்கள். மண்ணில் விளையாடி, பொம்மை செய்து, கதை சொல்லி, கடைசியில் அதை ஆடிக் காட்டுவார்கள். 'உனக்கு என்ன நடந்தது, சொல்லு' என்று யாரும் பிள்ளையை நெருக்கவில்லை. பிள்ளை தன் கதையை ஒரு யானைக்கோ மீனுக்கோ நடந்ததாகச் சொல்லலாம்.

தென்னிலங்கையிலிருந்து பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய 'ஜனகரலிய' (மக்கள் களரி) ஒரு கூடாரத்தையே அரங்காக்கி, தமிழ், சிங்கள இளைஞர்களை ஒரே குழுவாக வைத்து இரு மொழிகளிலும் நாடகம் போட்டது. கூடாரத்தை ஓர் ஊரில் அடித்தால் அங்கேயே தங்கி, பாடசாலைப் பிள்ளைகளோடு வேலை செய்து, பிறகுதான் அடுத்த ஊருக்குப் போவார்கள்.

தூரத்தில் ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரு நாட்டில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழு 2002இல் மலைநகரங்களில் பகிரங்க விசாரணைகளை நடத்தியது. அதற்கு முன்னதாக 'யுயாச்கானி' என்ற நாடகக் குழுவினர் அங்குள்ள சந்தைகளிலும் சதுக்கங்களிலும் ஆடினார்கள். காணாமற்போன பிள்ளையை மரணத்துக்குப் பின்னும் தேடும் தாயை, சந்தையில் காய்கறி விற்கும் பெண்களுக்கு நடுவில் ஒரு சிறு மேசைமேல் நின்று ஒரு நடிகை ஆடினார். விசாரணையில் பேசப் பயந்திருந்தவர்களுக்கு, இதைப் பற்றி வெளியில் பேசலாம் என்று அந்த ஆற்றுகை முன்கூட்டியே காட்டியது.

எங்களுக்கு நடந்தது இதற்கு எதிர்மாறு. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியின் முன்னால் நாடெங்கும் மக்கள் வந்து பேசினார்கள். 2017 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. அதன் பிறகு அவர்கள் பேசியது எங்கே போனது என்று அவர்களுக்கே தெரியாது. பேசியவரைக் கேட்பதற்கு எதிரே அயலவர் யாரும் இருக்கவில்லை. சிறிய அரங்கில் எதிரே இருப்பவர் அயலவர்தான்.

இரண்டு சமூகங்கள், ஒரு முற்றம்

மூதூர்ப் பிரதேசத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மை. தமிழ்க் கிராமங்கள் சுற்றிலும் இருக்கின்றன. இங்கே ஓர் அரங்கு 'தமிழர் அரங்கு' என்றோ 'முஸ்லிம் அரங்கு' என்றோ தொடங்கினால், 2003இலும் 2006இலும் ஏற்பட்ட பிளவின் ஒரு பக்கத்தில் அது நின்றுவிடும்.

சேர்ந்து தொடங்குவதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. கிழக்கு முஸ்லிம்களிடம் கோல்களை அடித்து ஆடும் களிகம்பு இருக்கிறது. கிழக்குத் தமிழர்களிடம் கோலடித்து ஆடும் வசந்தன் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கால் வைப்பில் எது ஒன்று, எது வேறு என்று பேச ஓர் இரவு போதாது. சிலம்படி இரு பக்கமும் உண்டு. முஸ்லிம் பெண்களிடமும் ஆண்களிடமும் வாய்மொழியாக வழங்கிய நாட்டார் கவிகள் கிழக்கின் பெருஞ்செல்வம். பக்கீர்மாரின் றபான் பாட்டைக் கேட்டு வளர்ந்த தமிழ் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதைத் தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய விருது பெற்றது. அந்தக் கடலோர வாழ்க்கையை வாசித்துக் காட்டுவதே ஒரு மாலைக்குப் போதுமான நிகழ்ச்சி. கடலுக்கும் தோணிக்கும் இரு சமூகமும் சொந்தக்காரர்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. இசைக்கருவிகளை மார்க்க ரீதியாக ஏற்காத குடும்பங்கள் முஸ்லிம் சமூகத்தில் உண்டு. அதை 'பிற்போக்கு' என்று தள்ளிவிட்டு அரங்கு நடத்த முடியாது. கவி சொல்லல், கதை சொல்லல், வாசிப்பு, வசன நாடகம் என்று கருவியில்லாத மாலைகளை முன்கூட்டியே அறிவித்து நடத்தினால் அவர்களும் வரலாம். தொழுகை நேரம், நோன்பு மாதம், கோயில் திருவிழா, கார்த்திகை மாதத்து நினைவு நாட்கள் எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவது முதல் வேலை.

அனுமதியும் அச்சமும்

கூத்து விடியும்வரை ஆடப்பட்டது. இன்று ஒலிபெருக்கிக்கு அப்படி அனுமதி எடுப்பது இலகுவல்ல. உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் வழங்கிய கட்டளையின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கப்படாது. விசேட சமய நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் களரிக்கு ஆதியில் ஒலிபெருக்கி இருக்கவில்லை. நூறு பேர் சுற்றி இருக்கும் வட்டத்தில் பயின்ற குரலும் மத்தளமும் தாராளமாகக் கேட்கும். சிறியதாக இருப்பதன் முதல் நன்மை இது. வாடகை ஒலியமைப்பு இல்லாவிட்டால் செலவில் ஒரு பெரும்பகுதியும் குறையும்.

அச்சம் வேறு விடயம். 2024 மே மாதம் சேனையூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்களும் ஓர் ஆணும் சம்பூர்ப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். கஞ்சிக்கே இப்படி என்றால் நாடகத்துக்கு என்ன நடக்கும் என்று ஒரு தாய் யோசிப்பதில் பிழையில்லை. நாடகப் பிரதிகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்துக்கு அடிப்படையான கட்டளைச் சட்டமும் 1912ஆம் ஆண்டுக்குரியது.

இதற்குக் கலை தரும் பழைய வழி, கதைக்குள் நின்று பேசுவது. மகனை இழந்த சுபத்திரையின் புலம்பலை ஒரு மூதூர்ப் பெண் பாடினால், அவர் யாரை நினைத்துப் பாடுகிறார் என்று களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு விளங்கும். ஆனால் இதை ஒரு தந்திரமாக மட்டும் பார்க்கக் கூடாது. கதை, பாடுபவருக்கும் ஒரு காப்பு. தன் சொந்த இழப்பைப் பெயர் சொல்லி நூறு பேர் முன்னால் பேசச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாது. பேச விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் சுபத்திரையாக இருந்துவிட்டுப் போகலாம். போரால் பாதிக்கப்பட்டவர்களை மேடையேற்றும் திட்டங்கள் அடிக்கடி தவறும் இடம் இதுதான். அழுகையைப் படம்பிடித்து அறிக்கையில் சேர்த்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். அழுதவர் அதே வேலிக்குள் அதே அயலவரோடு இருக்க வேண்டும்.

எப்படித் தொடங்கலாம்?

மூதூரில் ஒரு குழு நாளைக்கே தொடங்குவதானால் நான் சொல்லக்கூடியவை இவை.

முதலில் இடம். புதுக் கட்டடம் வேண்டாம். பாடசாலை முற்றமோ வாசிகசாலை வளவோ போதும். கொங்கிறீற்றுத் தரையில் மாதக்கணக்கில் சதங்கை கட்டி ஆடினால் கணுக்கால் தாங்காது, மண்தரை நல்லது. தகரக் கூரையில் மழை பெய்தால் குரல் கேட்காது, கிடுகுக் கொட்டில் கேட்கும். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து, அறுவடை முடிந்த பிறகு பங்குனியிலிருந்து ஆவணிவரை திறந்தவெளிக்கு ஏற்ற காலம். விளக்கு வைத்து மீன்பிடிப்பவர்களுக்கு நிலாக் காலத்தில் தொழில் குறைவு. முழுநிலா நாட்களைத் தெரிவுசெய்தால் கடற்தொழிலாளர் குடும்பங்களும் வரலாம்.

இரண்டாவது நேரம். விடியும்வரை ஆடும் கூத்தை வருடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, மாதம் ஒரு மாலை நாலரை மணிக்குத் தொடங்கி இருட்டும் நேரத்தில் முடியும் சிறு நிகழ்ச்சிகளை நடத்தலாம். தனியாகக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்கள் இரவில் வெளியே தங்குவது எளிதல்ல. பேருந்தும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கூட்டிக்கொண்டு போகும் நேரமாக இருந்தால்தான் அவர்கள் வருவார்கள், பாடவும் செய்வார்கள்.

மூன்றாவது காசு. செலவுகளில் முதலிடம் அண்ணாவியாருக்கும், கவி சொல்லும் முதியவர்களுக்கும் தரும் மாதக் கொடுப்பனவுக்கு இருக்க வேண்டும். மத்தளத்துக்குத் தோல், சதங்கை, உடுப்புத் துணி எல்லாம் அதற்குப் பிறகு. புலம்பெயர்ந்த உறவுகள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். மண்டபச் சுவரில் பெயர் பொறிக்கலாம், ஓர் அண்ணாவியாரின் மாதச் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது என்பதால் இரண்டாவதற்குக் கை நீள்வதில்லை. ஆனால் கையில் இருக்கும் காலம் குறைவாக இருப்பது இரண்டாவதற்குத்தான். வீட்டுக்கு வீடு நெல் சேர்த்த வழக்கத்தையும் விடக் கூடாது. ஒரு சுண்டு அரிசி கொடுத்தவர், இது தன்னுடைய அரங்கு என்று கேள்வி கேட்க வருவார். அந்தக் கேள்வி அரங்கைக் காப்பாற்றும்.

நான்காவது பதிவு. எல்லோருடைய கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. ஆற்றுகையைப் பதிவதைவிடப் பழக்கத்தைப் பதிவது பயனுள்ளது. ஒரு தாளக்கட்டை அண்ணாவியார் மெதுவாகச் சொல்லி, பிள்ளை திருப்பிச் சொல்லும் ஒலிப்பதிவு, பொன்னாடை போர்த்தும் காணொளிகளைவிட நாளைக்கு உதவும். முகம் தெரியும் பதிவு எதையும் வெளியிடுவதற்கு முன்னால் உரியவரிடம் கேட்பது கட்டாயம். மூதூரில் இது மரியாதைக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, தொடர்ந்து வந்த மற்றப் பாலங்களோடு திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு எல்லாம் ஒரே வீதியில் வந்துவிட்டன. பாதைப்படகுக்குக் காத்திருந்த காலம் முடிந்தது. மட்டக்களப்பின் அண்ணாவியார் ஒருவர் காலையில் புறப்பட்டு மூதூரில் பழக்கிவிட்டு மாலையில் வீடு போகலாம். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் இசையும் படிக்கும் மாணவர்களும் அதே வீதியில் வரலாம். 2006இல் மக்கள் ஓடிய திசையில் இன்று ஆசிரியர்கள் திரும்பி வரச் சாத்தியம் இருக்கிறது.

தொடங்குவதற்கு வேண்டியது ஒரு முற்றம், ஒரு மத்தளம், தாளக்கட்டை நினைவில் வைத்திருக்கும் ஒருவர், அதைக் கேட்க வரும் பத்துப் பிள்ளைகள். இவற்றில் மூன்றை எப்போதும் தேடிக்கொள்ளலாம். நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே மண்டபத்துக்கான விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன்னால், உங்கள் ஊரில் அப்படி யார் இருக்கிறார் என்று விசாரித்து, இந்த அறுவடை முடிந்ததும் வெற்றிலையோடு அவர் வீட்டுக்குப் போங்கள்.